தஞ்சாவூர் போனீர்களா? மனசை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

காவிரிக்கரை:
பெரிய கோயில், அரண்மனை எல்லாம் எல்லோரும் பார்த்ததுதான், விடுகிறேன். வீணைப் பட்டறை ஒன்றுக்குப் போயிருந்தேன். தரையெல்லாம் பலாமரத் தூள். பெரியவர் ஒருவர் மேளம் கட்டிக்கொண்டிருந்தார், அதாவது தந்திக்கு அடியில் வரும் மெட்டு என்கிற உலோகக் கட்டைகளைச் சுரத்துக்குச் சரியாகப் பதித்துக்கொண்டிருந்தார். வீணையின் நீண்ட கழுத்தான தண்டி மேல் கறுப்பு மெழுகு. அதில் மெட்டை அழுத்துவார், தந்தியை மீட்டுவார், தலையை ஆட்டிக்கொண்டே மறுபடி ஒரு மயிரிழை நகர்த்துவார். 24 மெட்டுக்கும் இதே பாடு. ஒன்றை நகர்த்திவிட்டு என்னிடம், "இப்பக் கேக்குதா தம்பி?" என்றார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. "கேக்குதுங்க ஐயா" என்றேன். முகம் அப்படி மலர்ந்தது அவருக்கு. ஆறு வருஷம் ஆச்சு, இன்னும் உறுத்துகிறது. கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால், கேட்கிற வரைக்கும் விட்டிருக்க மாட்டார்.

சுருதிப்பெட்டி:
எனக்குத் திருவையாற்றில் நடக்கும் தியாகராஜர் ஆராதனை. அவருடைய ஐந்து கீர்த்தனைகளான பஞ்சரத்னம் நாட்டை ராகத்தில் தொடங்கி ஸ்ரீ ராகத்துக்கு வந்துவிட்டது. பக்கத்தில் ஒரு பாட்டி, கையில் புத்தகம் இல்லை, அந்த ராகத்து 'எந்தரோ' கீர்த்தனையின் சுரமும் சாகித்யமும் ஓர் இடத்திலும் பிசகவில்லை. முடிந்ததும் என் கையைப் பிடித்து பாடகி நாகரத்னம்மாள் சிலை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "ஒரு காலத்துல பொம்பளைங்களை இங்க பாட விடலை. இவங்க விடாப்பிடியா நின்னாங்க. அதான் இன்னிக்கு நீயும் நானும் பாடினோம்." அப்புறம் கடைவீதியில் எனக்கு அசோகா அல்வா வாங்கிக் கொடுத்தார். பாசிப்பருப்பும் நெய்யும் விரலில் வழிய வழியத் தின்றேன். அவர் பேரைக் கேட்கவே இல்லை.

வழிப்போக்கன்77:
பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாதாமே! வழிகாட்டி சொன்னபோது மெய்சிலிர்த்துவிட்டது.

கல்லெழுத்து:
வழிப்போக்கன், நிழல் விழும். சாயங்காலம் அந்த நிழலில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். சுமார் 216 அடி உயரத்துக்குக் கல்லை அடுக்கி 1010-இல் முடித்தவர் ராஜராஜன். அவருக்கு எதற்கு இந்தக் கதை? சொல்லச் சொல்ல, உண்மையான அதிசயத்தை யாரும் பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள். வடக்குத் திருச்சுற்றுச் சுவரின் வெளிப்பக்கம் போங்கள். தளிச்சேரிப் பெண்டுகள் என்ற கோயில் ஆடல் பெண்கள் 400 பேரை ஒவ்வொருவராக எழுதி வைத்திருக்கிறார்கள். பேர் என்ன, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எந்தச் சிறகில், அதாவது எந்தப் பக்கத்து வரிசையில், எத்தனையாவது வீடு, எல்லாம் இருக்கிறது. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஆடிய பெண்ணுக்குக் கல்லில் வீட்டு விலாசம் வெட்டிக் கொடுத்த ஊர் இது! கூட வந்த கல்வெட்டு மாணவர் ஓர் எழுத்தில் என் விரலை வைத்து, "இது 'வீ'" என்றார். கல் சுட்டது, எடுக்க மனசு வரவில்லை.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள், தளத்தில் வெறுங்காலோடு நிற்கவும் முடியாது. எழுத்து படிக்க ஏறுவெயிலோ இறங்குவெயிலோதான் நல்லது, வெளிச்சம் சாய்வாக விழுந்தால்தான் வெட்டு எடுத்துக் காட்டும். பழைய சுவடிகள் இருக்கும் சரஸ்வதி மகால் நூலகத்துக்குத் தனியாக ஒரு பொழுது வையுங்கள். நந்தி முன்னால் படம் எடுத்துவிட்டு பஸ் பிடிப்பதற்குத் தஞ்சாவூர் வரவேண்டாம்.

சாரணி:
காவிரிக்கரை, நான் வீணை வாசிக்கிறவள். பழகாத காதுக்கு அந்த மயிரிழை தெரியாது, இதில் உங்கள் குற்றம் ஒன்றுமில்லை. என் வீணைக்கு ஒரு கோடையில் மெழுகு இளகி மேளம் கலைந்தது. திரும்பக் கட்ட வந்தவர் என்னையும் அதே கேள்விதான் கேட்டார். எனக்கும் தெரியவில்லை, சொல்லிவிட்டேன். முதல் தந்தியான சாரணியைப் பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி, பக்கத்தில் மேல் ஸட்ஜத்துக்குச் சேர்த்திருக்கும் தாளத் தந்தியோடு ஒன்றாக மீட்டச் சொன்னார். இரண்டு ஒலிக்கும் நடுவில் சின்னதாக ஓர் அலை அடித்தது. மெட்டைத் தள்ளினார். அலை நின்றது.

அந்தப் பட்டறை எந்தத் தெருவில் என்று நினைவிருக்கிறதா?