ஐசியூவை விட்டு ஹாஸ்பிஸ் வேலைக்குப் போகலாமா?

மல்லிகை: 6 வருடமாக ஐசியூ. இப்போது வீடு வீடாகப் போய், தீராத நோயாளிகளின் வலியைத் தணிக்கும் பாலியேட்டிவ் (ஹாஸ்பிஸ்) டீமில் ஓர் இடம் வந்திருக்கிறது. "தினமும் சாவு வீடா?" என்று அம்மா கத்துகிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், தாங்க முடியுமா?

பழைய_நர்ஸ்: தங்கச்சி, சாவைவிட வலியோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். மார்ஃபின் என்கிற கடும் வலிக்கான மருந்து தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்கிவிட்டார்களா என்று பாருங்கள், இல்லையென்றால் புற்றுநோய் வலி அடங்கி மனிதர் மலச்சிக்கலில் துடிப்பார். கடைசி நாளில் தொண்டை கர்கர் என்று இழுக்கும், சொந்தக்காரர்கள் பால் டம்ளரோடு நிற்பார்கள். திட்டாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, பஞ்சில் நனைத்து உதட்டில் மட்டும் தடவச் சொல்லுங்கள், புரை ஏறாது, அவர்கள் மனமும் ஆறும்.

ராத்திரி_டூட்டி: 2014-ல் போதைமருந்துச் சட்டத்தைத் தளர்த்தினார்கள், ஆனாலும் மார்ஃபினுக்கு மாத்திரை மாத்திரையாகக் கணக்கு எழுத வேண்டும். என் கணக்கில் ஒருமுறை 2 மாத்திரை உதைத்தது, அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. சம்பளத்தையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மல்லிகை: பால் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை அக்கா. திங்கட்கிழமை ஒருநாள் அவர்களோடு போய்ப் பார்க்கிறேன்.