மறு: 'எம்ப்டி ரன்னிங்' – வெற்று இயக்கமா, வெறுநடையா?

அன்புடையீர், வணக்கம்.

சரக்குப் போக்குவரத்துச் சொற்பட்டியலின் இரண்டாம் வரைவில் 'எம்ப்டி ரன்னிங்' (வண்டி சரக்கில்லாமல் ஓடுவது) என்பதற்கு 'வெற்று இயக்கம்' என்றும், 'பேக்ஹால்' (திரும்பும் பயணம், அதில் ஏற்றும் சரக்கு) என்பதற்குப் 'பின்னிழுவை' என்றும், 'ரீபொசிஷனிங்' (காலிக் கொள்கலன்களைத் தேவையுள்ள இடத்துக்குக் கொண்டுபோவது) என்பதற்கு 'மறுநிலைப்படுத்தல்' என்றும் இடப்பட்டிருப்பதைக் கண்டேன். மூன்றும் ஆங்கிலச் சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுக்கொரு தமிழ்ச்சொல் வைத்து ஒட்டியவை. இவற்றை மாற்றக் கேட்பதற்குச் சொல்லழகு மட்டும் காரணமன்று. லாரி காலியாகத் திரும்புவது, காலிக் கொள்கலன்களை இடம் மாற்றுவது என்ற வெவ்வேறான இரண்டு சிக்கல்களை இவை ஒன்றாகக் குழப்பிவிடுகின்றன என்பதே என் முதன்மையான மறுப்பு.

முதலில் பொருளைப் பார்ப்போம். ஒரு லாரி முற்பகல் 11 மணிக்குக் கிடங்கில் சரக்கை இறக்கி முடிக்கிறது. தார்ப்பாய் மடித்தாகிவிட்டது, கயிறு சுருட்டியாகிவிட்டது, சரக்கு வந்து சேர்ந்ததற்கான கையொப்பமும் வாங்கியாகிவிட்டது. அந்த நிமிடம் முதல் அந்த வண்டிக்குச் செலவு உண்டு, வரவு இல்லை. புறப்பட்ட ஊருக்கே போக வேண்டிய சரக்கு ஒன்று 60 கிலோமீட்டர் தள்ளியுள்ள தொழிற்சாலையில் இருப்பதாகத் தரகர் சொல்கிறார். ஆனால் ஏற்றுவதற்குக் கிடைக்கும் நேரம் மறுநாள் காலைதான். காத்திருந்தால் வண்டியும் ஓட்டுநரும் ஒரு நாள் முடங்க வேண்டும், அடுத்த வாடிக்கையாளருக்குக் கொடுத்த சொல்லும் தவறும். ஆகவே கணக்குத் தெரிந்த உரிமையாளரே 'காலியாக வந்துவிடு' என்று சொல்லிவிடுகிறார். அந்தத் திரும்பிவரும் பயணத்துக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

'இயக்கம்' அதற்குப் பொருந்தாது. வண்டி நின்ற இடத்தில் நிற்க எஞ்சின் மட்டும் சுழன்றுகொண்டிருப்பதையும் 'வெற்று இயக்கம்' என்று ஒருவர் எழுதினால் நம்மால் மறுக்க முடியாது. 'ஓட்டம்' என்பது சற்று நெருங்கி வருகிறது. ஆயினும் அதில் புறப்படும் இடமும் சேரும் இடமும் இல்லை. தொழிலில் இருப்போர் நெடுங்காலமாகப் புழங்கும் சொல் 'நடை'. 'இன்றைக்கு இரண்டு நடை ஆயிற்று', 'நடைக்கு என்ன வாடகை?' என்ற பேச்சில் ஓரிடத்தில் தொடங்கி ஓரிடத்தில் முடியும் ஒரு முழுப் பயணம், கூலி கணக்கிடும் அலகு, இரண்டும் அடங்கிவிடுகின்றன. இச்சொல்லுக்குப் பழைய நூல்களில் சான்று தேடிக் களைக்க வேண்டாம். லாரி அலுவலகத்து மேசையில் அது நாள்தோறும் கிடக்கிறது. எனவே 'வெறுநடை' என்று முன்மொழிகிறேன்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வந்துள்ளன.

> நடை என்றால் நடத்தல், எழுத்து நடை என்றே படிப்பவர் கொள்வர்.

சூழல் தெளிவாக இருக்கும்போது அப்படி யாரும் கொள்வதில்லை. 'தளம்' என்ற ஒரே சொல் கட்டடத்திலும் கணினியிலும் வாழவில்லையா?

> 'வெறு' என்றதும் வெறுப்பு நினைவுக்கு வருகிறது.

'வெறுங்கை' என்று கேட்டதும் யாருக்கும் வெறுப்பு தோன்றுவதில்லை. அப்படியே தோன்றினாலும், டீசல் போட்ட உரிமையாளர் அந்தப் பொருளையும் மனமார ஒப்புக்கொள்வார்.

வெறுநடையைத் திறமைக் குறைவாக மட்டும் கருதி அகராதி விளக்கம் எழுதிவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சரக்கு வாகனங்கள் ஓடும் தொலைவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காலி ஓட்டம். அதில் ஒரு பகுதியை எந்த மென்பொருளாலும் ஒழிக்க முடியாது. பால் கொண்டுவந்த டேங்கரில் டீசல் ஏற்றி அனுப்ப முடியாது. சுரங்கத்திலிருந்து மின்நிலையத்துக்கு நிலக்கரி சுமந்து வந்த சரக்குப் பெட்டிகளுக்கு மின்நிலையத்தில் ஏற்றிக்கொள்ள என்ன இருக்கிறது? சில வேளைகளில் சட்டமே வண்டியைக் காலியாக ஓட வைக்கிறது. பன்னாட்டுப் போக்குவரத்தில் உள்ள லாரிகள் எட்டு வாரத்துக்கு ஒரு முறை தம் நிறுவனம் பதிவாகியுள்ள நாட்டுக்குத் திரும்பியாக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் விதித்தது. அதனால் தேவையற்ற பயணங்களும் புகையும் கூடும் என்று பல நாடுகள் வழக்காடின. 2024 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அந்த விதியை நீக்கியது. காலி ஓட்டத்தில் எஞ்சிய பகுதி, சரக்கும் வண்டியும் ஒன்றையொன்று அறியாததால் வருவது. அதைச் செயலி வழியே தீர்ப்போம் என்று 2015இல் தொடங்கிப் பெருமுதலீடு திரட்டிய அமெரிக்க நிறுவனமான கான்வாய், வாடகைகள் சரிந்திருந்த 2023 அக்டோபரில் மூடப்பட்டது. இணைத்துக் கொடுப்பது அறிவுள்ள வேலைதான்; அந்த வேலைக்குக் கிடைக்கும் கூலி சந்தை தளரும்போது முதலில் கரைந்துவிடுகிறது.

இனிப் 'பின்னிழுவை'. படித்தவுடன் பழுதான வண்டியைப் பின்னால் கட்டி இழுத்துச் செல்வதுதான் என் கண்ணில் தோன்றியது. ஆங்கிலச் சொல்லிலேயே ஒரு குறை உண்டு. திரும்பும் பயணத்தையும் அதில் ஏற்றும் சரக்கையும் அது ஒரே சொல்லால் குறிக்கிறது. நாம் அந்தக் குறையைச் சுமக்க வேண்டியதில்லை. திரும்பும் பயணம் 'மீள்நடை'; தொழிலில் 'ரிட்டன் லோடு' எனப்படுவது 'மீள்சுமை'. மீள்சுமை கிடைக்காத மீள்நடை வெறுநடையாகிறது என்று ஒரே வரியில் உறவைச் சொல்லிவிடலாம். 'மறுநடை' என்று ஒரு நண்பர் பரிந்துரைத்திருந்தார். அது இன்னொரு நடை என்றும் பொருள்படுவதால் வேண்டாமெனக் கருதுகிறேன்.

பாதி நிறைந்த வண்டிக்கும் பெயர் வேண்டும். மெத்தைகளை ஏற்றிய வண்டியில் இடம் முழுதும் நிரம்பிவிடும், எடை சொற்பமாக இருக்கும். இரும்புச் சுருள் ஏற்றிய வண்டியில் எடை வரம்பைத் தொட்டுவிடும், தளத்தின் பெரும்பகுதி வெறுமையாகக் கிடக்கும். இவற்றில் எதைக் 'குறைநடை' என்பது? எடை, கொள்ளளவு ஆகிய இரண்டிலும் இடம் மிச்சமிருந்தால் மட்டுமே அச்சொல்லைப் பயன்படுத்தலாம் என்பது என் கருத்து.

என் பெரிய மறுப்பு மூன்றாம் சொல்லின் மீது. 'மறுநிலைப்படுத்தல்' என்பதில் எதை, எங்கே என்ற இரண்டுமே இல்லை. காலிக் கொள்கலன்களைச் சரக்கு மிகுந்த துறைமுகத்துக்குக் கொண்டுபோவதே இங்குப் பொருள். வரைவில் உள்ள குறிப்பு இதனை வெற்று இயக்கத்தின் 'கடல்வழி வகை' என்கிறது. இது தவறு. காலிக் கொள்கலன்களை ஏற்றிச் செல்லும் கப்பல் காலியாகச் செல்வதில்லை. கொள்கலன் அங்கே சரக்கைப் போலவே ஏறுகிறது: 40 அடிக் கொள்கலன் ஒன்று வெறுமையாகவே ஏறத்தாழ 3.7 டன் இருக்கும், அதற்குக் கப்பலில் இடம் வேண்டும், தூக்கி வைக்கப் பாரந்தூக்கி வேண்டும், துறைமுகத்தில் அடுக்கி வைக்க நிலம் வேண்டும். வெறுநடைக்குப் பெரும்பாலும் ஒரு நாளில் சரக்கும் வண்டியும் இணையத் தவறியதே காரணம். இதற்கோ நாடுகளுக்கிடையே ஏற்றுமதியும் இறக்குமதியும் ஈடாகாமை காரணம். முன்னதை ஓர் உரிமையாளர் குறைக்க முயலலாம். பின்னதை உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனமும் தனியே மாற்ற முடியாது.

2021இல் இது வெட்டவெளிச்சமாயிற்று. ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்குச் சரக்கு அனுப்பும் வாடகை வரலாறு காணாத அளவுக்கு ஏறியபோது, அமெரிக்க விளைபொருள் நிரம்பும்வரை காத்திருப்பதைவிடக் கொள்கலனைக் காலியாகவே விரைந்து திருப்புவது கப்பல் நிறுவனங்களுக்கு ஆதாயமாயிற்று. ஏற்றுமதியாளர்கள் பண்டம் இருந்தும் கொள்கலன் கிடைக்காமல் தவித்தனர். ஏற்றுமதிச் சரக்கைத் தகுந்த காரணமின்றி மறுப்பதைத் தடுக்கும் சட்டம் ஒன்று 2022 ஜூனில் அங்கே கையொப்பமானது. காலிக் கொள்கலன் அங்கே வீணாகப் போகவில்லை, வேண்டுமென்றே அனுப்பப்பட்டது. அதை 'வெற்று இயக்கம்' என்று மொழிபெயர்த்தால் அந்தச் சட்டம் எதற்கு வந்தது என்பதே தமிழில் விளங்காது. 2023 இறுதியில் செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கியபோதும் இதே பாடம். ஒவ்வொரு சுற்றும் நீண்டதால் கொள்கலன்கள் கடலிலேயே கூடுதல் நாள் கழித்தன. எண்ணிக்கை குறையாமலேயே கொள்கலன் தட்டுப்பாடு வந்தது.

எனவே 'காலிக் கொள்கலன் பெயர்ப்பு' என்று வைக்கலாம். ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைப்பது என்ற பொருள் 'பெயர்ப்பு' என்பதில் தெளிவாக நிற்கிறது, அதைச் செய்பவர் ஒருவர் உண்டு என்பதும் உள்ளடங்கியிருக்கிறது. தானே நிகழ்வது பெயர்வு, ஒருவர் முடிவெடுத்துச் செய்வது பெயர்ப்பு. சொல் நீளந்தான். கொள்கலனைப் 'பெட்டகம்' என்று எழுதுவோர் அச்சொல்லை இட்டு எழுதட்டும், அதில் எனக்குப் பிணக்கில்லை.

எல்லைக்கோட்டில் ஓர் இனம் நிற்கிறது. குளிரூட்டிய கொள்கலன் மீனையோ பழத்தையோ இறக்கிய பின், குளிர்ப்பொறியை நிறுத்திவிட்டுச் சாதாரணச் சரக்கை ஏற்றிக்கொண்டு திரும்புவதுண்டு. வாடகை குறைவாகக் கிடைக்கும், ஆயினும் வெறுமையாகத் திரும்புவதைவிட மேல். இதைக் காலிக் கொள்கலன் பெயர்ப்பில் சேர்க்கக் கூடாது, மீள்சுமையே பொருத்தம்.

முடிவாகாமல் நிற்பது ஒன்றுதான். இழுவை வண்டி தன் பின்னால் டிரெய்லரே இல்லாமல் தனியே ஓடுவதும் வெறுநடையா? சரக்கில்லை என்பது மெய்தான். ஆனால் சரக்கு ஏற்றக்கூடிய தளமும் அங்கே இல்லையே. நிரப்ப இடமே இல்லாததை வெறுமை என்று கணக்கில் சேர்த்தால் வெறுநடையின் விழுக்காடு வீங்கிவிடும். இதற்குத் தனியே 'மொட்டைநடை' என்று சென்ற மடலில் ஒரு நண்பர் விளையாட்டாக எழுதியிருந்தார். நான் அதை விளையாட்டாகக் கொள்ளவில்லை. மறுப்புள்ளோர் மூன்றாம் வரைவு மூடப்படுவதற்கு முன் எழுத வேண்டுகிறேன்.

அன்புடன்.