எல்லன் சிகரத்தில் ஒரு மதியம்

போன செப்டம்பரில் நானும் நண்பரும் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் ஹென்றி மலைத்தொடருக்குப் போனோம். ஹாங்க்ஸ்வில்லில் பெட்ரோல் போடும்போது அங்கிருந்த பெரியவர் ஒருவர், “மேகம் கறுத்தால் உடனே இறங்கிவிடுங்கள், பாதை சேறாகிவிடும்” என்று எச்சரித்தார். புல் கிரீக் கணவாய் வரை வண்டி போனது. அப்புறம் நடைதான்.

எல்லன் சிகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரம். உச்சியில் நிற்கவிடாத காற்று. நேர் தெற்கே நவாஹோ மலை கவிழ்த்த சட்டி மாதிரி தெரிந்தது. மேற்கே அக்வேரியஸ் பீடபூமி. நடுவில் பாலைப் பாறை, அதில் கீறல் கீறலாகப் பள்ளத்தாக்குகள். காகித வரைபடத்தை முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, எந்தக் கீறல் எந்த ஆறு என்று அரை மணி நேரம் வாதாடினோம்.

1872-இல் இதே நிலத்தில் நில அளவையாளர் ஆல்மன் தாம்ப்சனின் குழுவும் குழம்பியிருக்கிறது. அதுவரை இந்த மலைகளுக்கு ‘அறியப்படாத மலைகள்’ என்றுதான் பெயர். முந்தைய ஆண்டு டர்ட்டி டெவில் ஆற்றின் முகத்துவாரத்தில் விட்டுவந்த படகை எடுக்க, தெற்கு யூட்டாவின் கனாப் ஊரிலிருந்து குதிரையில் கிளம்பினார்கள். ஓர் ஓடையைப் பிடித்து, இதுதான் டர்ட்டி டெவில் என்று நம்பி இறங்கினார்கள். மேடேறிப் பார்த்தபோதுதான் அது வேறு ஆறு என்று புரிந்தது. தேடிய ஆறோ இந்த மலைகளுக்கும் அப்பால். புதிய ஆற்றுக்கு எஸ்கலான்டே என்று பெயரிட்டார்கள். அலாஸ்காவை விட்டுவிட்டால், அமெரிக்க வரைபடத்தில் கடைசியாக ஏறிய ஆறு அது, மலைத்தொடர் இது.

அந்தப் பயணத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் கனாப் அருகே சுமார் 9 மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை, அதாவது மற்ற தூரங்களைக் கணக்கிட அடிப்படையான நேர்கோட்டை, அளந்து, அதிலிருந்து கோணம் கோணமாகச் சிகரங்களைப் பிடித்தார்கள். வரைபடம் உருவானது ஒரு கூடாரத்தில். 1873 பிப்ரவரியில் அதைத் தகரக் குழாயில் சுருட்டி, குதிரையில் சால்ட் லேக் சிட்டிக்குக் கொண்டுபோன ஃப்ரெடரிக் டெல்லன்பாவுக்கு வயது 19. அந்தக் குழாயை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு படபடக்கும். இரண்டு வருட உழைப்பு அதற்குள் இருந்தது.

சிகரத்தின் பெயரில் இருக்கும் எல்லன், தாம்ப்சனின் மனைவி. கனாப் பக்கம் செடிகள் சேகரித்தவர்.

கடைசியில் நண்பர் காம்பஸை நவாஹோ மலைக்கு நேராக வைத்து, அதற்குச் சற்று வலப்பக்கம் விரலை நகர்த்தினார். எஸ்கலான்டே அந்தப் பக்கம்தான் கொலராடோவில் சேர்கிறது. நான் காட்டிக்கொண்டிருந்தது வேறொரு பள்ளம். வடமேற்கில் மேகம் கறுத்திருந்தது, இறங்க ஆரம்பித்தோம்.