கிளானில் இருந்து நான் துரத்திவிட்ட அண்ணன்

நான் கம்பத்துக்காரன். 2016-ல் கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் என்ற மொபைல் கேமில் எங்கள் கிளானுக்கு (சேர்ந்து ஆடுகிற குழு) நான்தான் லீடர், வயசு 19, தலைகால் புரியுமா? இன்னொரு கிளானோடு 10-க்கு 10 வார் என்றால் ஆளுக்கு 2 அட்டாக், ஒரு அட்டாக்குக்கு 3 ஸ்டார் வரை, ஒருத்தன் அடிக்காமல் விட்டால் 6 ஸ்டார் போச்சு. அடிக்காதவனுக்கு வார் லூட் கிடையாது, கேமே கூலியைப் பிடித்துக்கொள்ளும். அது போதாதென்று நான் கிக் வேறு பண்ணுவேன். டொனேஷன் (மற்றவர்களுக்குக் கொடுக்கிற படை) குறைந்தாலும் கிக். ஜெம் வாங்கி டவுன் ஹாலை (கேமில் நம் ஊரின் முக்கியக் கட்டடம்) சரசரவென்று ஏற்றினவனை மட்டும் பெரிய ஆட்டக்காரன் என்று கோ-லீடர் ஆக்கினேன் (அவன் அப்பா காசு!).

கிளானில் எங்கள் பக்கத்துக் கூடலூர் அண்ணன் ஒருத்தர் இருந்தார். யார் படை கேட்டாலும் முதலில் கொடுப்பார். திடீரென்று 2 வாரில் அடிக்கவில்லை, தூக்கிவிட்டேன். கொஞ்ச நாள் கழித்துத் திரும்பச் சேரக் கேட்டு அவரிடமிருந்து மெசேஜ் வந்தது: "வண்டன்மேட்டுல ஏலக்காய் எடுக்க வந்திருக்கேன் தம்பி, லயத்துல டவர் இல்ல, ஊருக்கு வந்தா அடிச்சிடுவேன், சேத்துக்க." ரிஜெக்ட் அழுத்தினேன். ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னால் கிளான் எப்படி நடக்கும் என்று நினைப்பு.

அதே கணக்கோடு எங்கள் திராட்சைத் தோட்டத்துக்கும் போனேன். பன்னீர் திராட்சை வெட்டு நடக்கிறது, எல்லோரும் பெட்டி பெட்டியாக நிரப்ப, ஒரு பெரியவர் மட்டும் பாதிதான் முடித்திருந்தார். "பெட்டிக் கணக்கு பார்த்துக் கூலி கொடுங்கப்பா" என்றேன். அப்பா அவர் பெட்டியில் இருந்து ஒரு கொத்தை எடுத்துத் திருப்பிக் காட்டினார். வெடித்த பழம், அழுகின பழம் ஒன்றுகூட இல்லை, கத்தரியால் ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறார். "கோட்டயத்து வியாபாரி நம்ம பெட்டியைப் பிரிச்சுப் பாக்காம ஏத்துறான்ல, இவராலதான்டா."

— (ஒரு பின்னூட்டம்) குமுளியில் இருந்து நான். பப்ஜி துப்பாக்கிச் சண்டை கேமில் எங்கள் ஸ்குவாடும் இப்படித்தான், மேட்ச் முடிந்ததும் யாருக்கு எத்தனை கில் என்றுதான் பேச்சு, விழுந்தவனைப் புகை போட்டுத் தூக்கிவிட்டவன் பெயரே வராது. நான் பெரும்பாலும் தூக்கிவிடுகிற ஆள், அந்தக் கடுப்பில் சொல்கிறேன். அது சரி, அந்த அண்ணனைத் திரும்பச் சேர்த்தீர்களா?

— (என் பதில்) இல்லை. ஒரு வருசம் கழித்துத் தேடிப் பார்த்தேன், வேறு கிளானில் இருந்தார். அந்த சீசன் டொனேஷன் 0. பெயருக்குக் கீழே எல்டர் (சாதா உறுப்பினருக்கு மேல் பதவி) என்று இருந்தது.