முடக்குவாதத்தோடு சென்னையிலிருந்து டொராண்டோ வரை

கேள்வி:
மகளின் பிரசவத்துக்காக ஜூனில் டொராண்டோ போகிறேன். துபாயில் விமானம் மாற வேண்டும். காலையில் விரல்களை மடக்கவே ஒரு மணி நேரம் ஆகிறது. முடக்குவாதத்துக்குப் போட்டுக்கொள்ளும் அடாலிமுமாப் ஊசியை எப்படிக் கொண்டுபோவது? சக்கர நாற்காலி கேட்கவும் கூச்சம். நன்றாகத்தானே நடக்கிறாள் என்பார்கள்.

பதில்:
அக்கா, ஊசி கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்குப் பகுதியில் உறைந்துவிட்டால் மருந்து வீண். 2 முதல் 8 டிகிரி குளிர் போதும்; ஐஸ் பையைத் துணியில் சுற்றி வையுங்கள், ஊசியில் நேரடியாகப் படக்கூடாது. மருத்துவர் கடிதமும் அசல் அட்டைப்பெட்டியும் கூடவே இருக்கட்டும். விமானப் பணிப்பெண்ணிடம் கொடுத்து வைப்பது எனக்குப் பிடிக்காது. இறங்கும் அவசரத்தில் மறந்துபோகும். கிளம்புமுன்பே ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள், சுமையே இருக்காது.

பதில்:
கூச்சத்தைச் சென்னையிலேயே விட்டுவிடுங்கள், அம்மா! படி ஏற முடியும், நெடுந்தூரம் நடக்க முடியாது என்பவர்களுக்கென்றே சக்கர நாற்காலியில் தனி வகை உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே பதிந்துவிடுங்கள். நடைபாதையோர இருக்கை கேளுங்கள்; எழுந்து நடக்க யாரையும் எழுப்ப வேண்டாம்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. சாப்பாட்டுத் தட்டின் மூடியைப் பிரித்துத் தரச் சொல்லலாமா?

பதில்:
தாராளமாக. தண்ணீர் பாட்டிலையும் சேர்த்துத் திறந்து வாங்கிக்கொள்ளுங்கள்.