ஷவலுக்கு மூன்றாவது எண்ணெய் லைன் இழுத்த கதை

மலேசியாவில் பிறை என்ற ஊரில் எங்களுடையது பழைய பேலட்டும் வெட்டிய மரக்கிளையும் அள்ளுகிற யார்டு. வைத்திருப்பது ஜப்பானிலிருந்து வந்த பழைய வீல் லோடர் (முன்னால் பக்கெட் வைத்து அள்ளித் தூக்குகிற வண்டி), எங்கள் ஆட்கள் வாயில் அது ஷவல்தான். லீவர் இரண்டே இரண்டு: தூக்க ஒன்று, பக்கெட்டைச் சாய்க்க ஒன்று. வெறும் பக்கெட்டில் கிளையை அள்ளினால் லோரிக்குப் போவதற்குள் பாதி கொட்டிவிடும் என்று, மேலிருந்து கவ்விப் பிடிக்கிற கிராப் பக்கெட் வாங்கினோம். கிராப் சிலிண்டருக்கு எண்ணெய் கொடுக்க மூன்றாவது லைன் வேண்டும். அரைநாள் வேலை என்று நினைத்தேன்.

பட்டறைக்காரர் ஒரு சிலிண்டருக்கு மட்டும் எண்ணெயைத் திருப்பிவிடுகிற ஒற்றை ஸ்பூல் வால்வு ஒன்றைக் கொண்டுவந்து, இரண்டு லீவருக்கும் உரிய பழைய வால்விலிருந்து டேங்குக்குப் போகிற ஹோஸைக் கழற்றிப் புது வால்வில் மாட்டி, அங்கிருந்து டேங்குக்கு விட்டார். லீவரைத் தள்ளினோம், கிராப் மூடியது, சந்தோஷத்தில் தே தாரிக்கும் குடித்தாயிற்று. மறுநாள் தடித்த அடிமரம் ஒன்றைக் கவ்வி இறுக்கும்போது பழைய வால்வின் இடுக்கிலிருந்து எண்ணெய் பீய்ச்சி அடித்தது.

அப்புறம்தான் புரிந்தது. எங்கள் வண்டியில் கியர் பம்ப், யாரும் லீவரைத் தொடாவிட்டாலும் எண்ணெய் வால்வு வழியாக ஓடி டேங்குக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும். அந்தத் திரும்பும் பக்கத்தில் அழுத்தம் பெரிதாக இருக்காது என்று நம்பித்தான் வால்வைச் செய்திருக்கிறார்கள். அதற்குப் பின்னால் இன்னொரு வால்வை வைத்து கிராப்பை இறுக்கினால், கிட்டத்தட்ட 200 பார் அழுத்தம் அந்தப் பக்கமே ஏறுகிறது, வால்வின் இடுக்கை அடைக்கிற ரப்பர் ஓரிங் எப்படித் தாங்கும்? பழைய வால்வில் பவர் பியாண்ட் ஸ்லீவ் போட்டு, அடுத்த வால்வுக்கு ஒரு வழி, டேங்குக்குத் தனி வழி என்று பிரித்திருக்க வேண்டும். எங்கள் வால்வில் அதற்கு இடமே இல்லை. புது வால்வை முன்னால் போடலாமே என்று தம்பி கேட்டான். போடலாம்தான், ஆனால் ஸ்டீரிங்குக்கும் அதே பம்ப்தான், ஸ்டீரிங்குக்கு முதலில் எண்ணெய் பிரித்துக் கொடுக்கிற ப்ரையாரிட்டி வால்வுக்கு முன்னால் கை வைத்தால் கிராப்பை மூடும் நேரம் ஸ்டீரிங் கல்லாகிவிடும்.

கடைசியில் பக்கெட்டைத் தூக்குகிற கையான பூம் மேலேயே, சாய்க்கும் லைனில், மின்சாரத்தில் மாறுகிற ஆறு வாய் சோலெனாய்டு வால்வு ஒன்றைப் போட்டோம். லீவரில் பொத்தானை அழுத்திக்கொண்டு சாய்த்தால் எண்ணெய் கிராப்புக்குப் போகும், விட்டால் பக்கெட்டுக்கு. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது, எங்களுக்கு அது குறையாகத் தெரியவில்லை. கிராப் சிலிண்டரில் எண்ணெயைத் திரும்ப விடாமல் பூட்டுகிற பைலட் செக் வால்வும் உண்டு, ஹோஸ் வெடித்தாலும் பிடித்த மரம் விழாது.

கெப்போங்கிலிருந்து ஒருவர்:
அண்ணே, கிராப்புக்கு அது சரி, பெருக்குகிற பிரஷுக்கு அதைப் போட்டுவிடாதீர்கள். பிரஷில் மோட்டார், எண்ணெய் நிற்காமல் ஓட வேண்டும், நாள் பூரா பொத்தானை யார் அழுத்திக்கொண்டிருப்பது? நான் தனி ஸ்பூலே போட்டேன். போட்டும் என்ன, மோட்டாருக்குள் கசிகிற எண்ணெயை வெளியேற்றும் கேஸ் டிரெயின் ஹோஸைத் தனியாக டேங்குக்கு இழுக்கச் சோம்பல்பட்டு ரிட்டர்ன் ஹோஸிலேயே T வடிவ இணைப்பு வைத்துச் சேர்த்தேன். ரிட்டர்னில் அழுத்தம் ஏறியதும் மோட்டார் உடம்புக்குள்ளும் ஏறி ஷாஃப்ட் சீல் பிதுங்கி வெளியே வந்துவிட்டது. ஒரு ஹோஸ் காசு மிச்சம், சீல் மாற்ற மூன்று நாள் வண்டி நின்றது லா.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒருவர்:
கழற்றி வெயிலில் போட்ட கிராப்பை மதியம் திரும்ப மாட்டப் பார்த்திருக்கிறீர்களா? ஹோஸுக்குள் அடைபட்ட எண்ணெய் சூட்டில் விரிந்து, ஹோஸ் முனையை மாட்டுகிற கப்ளர் உள்ளேயே போகாது. எங்கள் ஆபரேட்டர் முனையைச் சுத்தியலால் தட்டினார், முகமெல்லாம் எண்ணெய், நல்லவேளை கண்ணாடி போட்டிருந்தார். இப்போது கழற்றுவதற்கு முன் கிராப்பைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பி, பொத்தானை அழுத்தியபடி லீவரை இரண்டு பக்கமும் ஆட்டி அழுத்தத்தை விட்டுவிடுகிறோம். ஒழுகுகிற ஹோஸைக் கையால் தடவிப் பார்க்கவும் வேண்டாம், காகித அட்டைத் துண்டைக் காட்டுங்கள். ஊசி மாதிரி தோலுக்குள் எண்ணெய் இறங்கினால் அறுவை சிகிச்சைதான்.

எழுதியவரே மீண்டும்:
கப்ளர் விஷயம் எங்களுக்கும் நடந்தது, சுத்தியல் வரை போகவில்லை, ஹோஸ் மேல் தண்ணீர் ஊற்றி உட்கார்ந்திருந்தோம். கெப்போங் அண்ணே, பிரஷ் எங்கள் கணக்கிலும் இருந்தது. டிரெயின் ஹோஸுக்கு டேங்கில் துளை எங்கே போட்டீர்கள், படம் இருந்தால் போடுங்கள்.