தென்னாப்பிரிக்க லீக்கில் ஆடும் டர்பன் கால்பந்து அணி அமாசூலுவின் சீசன் அட்டவணை கஷ்டமா, லேசா?

சாட்ஸ்வர்த்காரன்: 16 அணி, 30 ஆட்டம், எல்லாரோடும் இரண்டு முறை. அப்புறம் எதை வைத்துக் கஷ்டம்னு சொல்றது?

பீனிக்ஸ் ரசிகர்: வரிசைதான் விஷயம். ஐந்தைந்து ஆட்டமா வெட்டிப் பாருங்க. எதிரணி போன சீசனில் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி எடுத்ததுன்னு சொந்த மைதானம், வெளி மைதானம் தனித்தனியா எழுதுங்க. சேர்த்துப் போட்டா ஏமாந்துடுவீங்க. கீழ் லீக்கிலிருந்து ஏறி வந்த அணிக்குப் பழைய புள்ளி செல்லாது. அதுக்குப் பதிலா போன சீசனில் கடைசி மூணு இடத்தில் இருந்த அணிகளின் சராசரியைப் போடுங்க.

கடற்கரை கோல்கீப்பர்: உயரத்தை விட்டுட்டீங்களே! டர்பன் கடல் மட்டம், ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர். அங்கே காற்று லேசு, நீளப் பாஸ் தாண்டிப் போயிடும், இரண்டாம் பாதியில் மூச்சு வாங்கும். அதே லீக்கில் ஆடும் சன்டவுன்ஸ் அணி ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக்கிலும் ஆடினா, அவங்களோட நம்ம ஆட்டத் தேதியும் நகரலாம். மாதம் ஒருமுறை திரும்பக் கணக்குப் போடுங்க.